பதினாறு பேரரசுகளும் ஓர் அஞ்சல்பெட்டியும்: ‘ஸ்டார்ஸ்!’ ஆட்டத்தை மின்னஞ்சலில் நடத்துவது குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

மின்னஞ்சலில் ஆடப்படும் ஆட்டத்தைப் பற்றிப் பேசுமுன் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். 16 பேர் ஆடுகிறார்கள். ஒருவர் முடித்தபின் அடுத்தவர் என்று வரிசையாகக் கோப்பைக் கைமாற்றுகிறார்கள். ஆளுக்கு ஒரு நாள் என்று வைத்தாலும் ஒரு சுற்று முடிய 16 நாள் ஆகும். 100 சுற்றுக்கு 1,600 நாள், அதாவது நான்கு ஆண்டுகளுக்கும் மேல். அதற்குள் பாதிப் பேருக்கு வேலை மாறியிருக்கும், சிலருக்குக் குழந்தை பிறந்திருக்கும், ஆட்டமும் எப்போதோ செத்திருக்கும். அதே 16 பேரும் ஒரே நாளில் தத்தம் உத்தரவுகளை ரகசியமாக அனுப்பி, ஒரு கணினி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மூச்சில் நிறைவேற்றினால் 100 சுற்றுக்கு 100 நாள் போதும்.

மின்னஞ்சலில் பல ஆட்டங்கள் ஏன் பாதியில் நின்றன, சில ஏன் நிலைத்தன என்பதற்குப் பெரும்பாலும் இந்தக் கணக்கிலேயே விடை கிடைத்துவிடுகிறது. 2005இல் வந்த ‘சிவிலைசேஷன் 4’ ஆட்டத்தில் மின்னஞ்சல் வழி ஆடும் வசதி உண்டு. ஆனால் அது வரிசை முறை. இரண்டு மூன்று நண்பர்களுக்கு அது சரிப்படும், பத்துப் பேருக்குச் சரிப்படாது. கூட்டமாக ஆடுவதற்கென்றே பிறந்த ஆட்டம் வேறு. அந்த வகையில் நான் எடுத்துக்கொள்வது ‘ஸ்டார்ஸ்!’.

ஜெஃப் ஜான்சன், ஜெஃப் மெக்பிரைட் என்ற இரண்டு ஜெஃப்கள் எழுதிய விண்வெளிப் பேரரசு ஆட்டம் இது. 1995இல் ஷேர்வேராக, அதாவது முதலில் இலவசமாக ஆடிப் பார்த்துப் பிறகு பணம் கட்டும் நிரலாக, வெளிவந்தது. மறு ஆண்டு எம்பயர் இன்டராக்டிவ் நிறுவனம் பெட்டியில் போட்டுக் கடைகளுக்குக் கொண்டுவந்தது. விண்டோஸ் 3.1 காலத்து நிரல். தோற்றத்தில் அலுவலகக் கணக்குப் பதிவேடுபோல இருக்கும். கிரகங்கள் புள்ளிகள், கப்பற்படைகள் சிறு முக்கோணங்கள், மற்றதெல்லாம் எண்கள். அதிகபட்சம் 16 பேர் ஆடலாம். ஆட்டம் 2400ஆம் ஆண்டில் தொடங்கும். ஒவ்வொரு சுற்றும் ஓர் ஆண்டு.

இந்த வழிமுறையை இரண்டு ஜெஃப்களும் வெறும் கையிலிருந்து உண்டாக்கவில்லை. 1963இல் நியூயார்க்கின் ஜான் போர்ட்மேன் ‘டிப்ளமசி’ என்ற பலகை ஆட்டத்தைத் தபாலில் நடத்தத் தொடங்கினார். 1970இல் ரிக் லூமிஸ் ‘நியூக்ளியர் டிஸ்ட்ரக்‌ஷன்’ ஆட்டத்தில் தபாலில் வந்த உத்தரவுகளைக் கணினிக்குக் கொடுத்து முடிவு கண்டார். 1992இல் டிம் விஸ்மன் எழுதிய ‘விஜிஏ பிளானட்ஸ்’ 11 இனங்களை மோடம் வழியே மோதவிட்டது. அது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்துக்கான நிரல். ஆனால் கோப்பு வரும், ஆடுவோம், கோப்பைத் திருப்பி அனுப்புவோம், நடத்துபவர் சேர்த்து ஓட்டுவார் என்ற வட்டம் அப்போதே முழுமையாக இருந்தது. ‘ஸ்டார்ஸ்!’ அந்த வட்டத்தை மெருகேற்றியது.

கோப்புகள் சொல்லும் கதை

ஆட்டத்தின் கட்டமைப்பு முழுவதும் கோப்புப் பெயர்களின் வால்களில் இருக்கிறது. எக்ஸ்ஒய் கோப்பில் வரைபடம். இது எல்லோருக்கும் பொது, ஆட்டம் முழுவதும் மாறாது. எச்எஸ்டி கோப்பில் பிரபஞ்சத்தின் முழு உண்மை. இது நடத்துபவரிடம் மட்டும் இருக்கும். ஒவ்வொரு ஆண்டும் ஆட்டக்காரருக்கு எம் கோப்பு ஒன்று வரும். முதல் ஆட்டக்காரருக்கு எம்1, இரண்டாமவருக்கு எம்2 என்று போகும். அதில் அவர் கண்ணுக்கு எட்டிய உலகம் மட்டுமே இருக்கும். அவர் உத்தரவுகளைப் போட்டுச் சேமித்தால் எக்ஸ்1, எக்ஸ்2 என்று ஒரு கோப்பு உருவாகும். அதை நடத்துபவருக்கு அனுப்ப வேண்டும். எல்லா எக்ஸ் கோப்புகளும் சேர்ந்ததும் நடத்துபவர் ஒரு பொத்தானை அழுத்துவார். ஆண்டு ஒன்று கூடும், புதிய எம் கோப்புகள் பிறக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம், ஆட்டக்காரரிடம் போகாதது என்ன என்பது. அடுத்தவருடைய கிரகத்தை நீங்கள் பார்க்கவில்லையென்றால் அதன் விவரம் உங்கள் கோப்பிலேயே இல்லை. கோப்பைக் குடைந்து பார்த்தாலும் அங்கே திருட ஒன்றுமில்லை. மறைவுக்குப் பூட்டுப் போடுவதைவிடப் பொருளையே அனுப்பாமலிருப்பது எவ்வளவோ மேல்.

எச் கோப்பு என்று இன்னொன்றும் உண்டு; ஆட்டக்காரரின் ஞாபகம் அது. பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு வேவுக் கப்பல் கண்ட கிரகத்தின் விவரம் அதில்தான் தங்கியிருக்கும். அலுவலகக் கணினியில் ஒரு நாள், வீட்டில் ஒரு நாள் என்று ஆடுபவர்கள் எம் கோப்பை மட்டும் எடுத்துப்போய் எச் கோப்பை விட்டுவிட்டால், பேரரசருக்கு மறதி நோய் வந்துவிடும். புதிதாக வருபவர்களிடம் நடத்துபவர் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டிய செய்தி இது.

அதைவிடப் பெரிய தொல்லை கோப்பின் பெயரால் வருவது. மூன்றாம் ஆட்டக்காரரின் கோப்புக்கு 2401ஆம் ஆண்டிலும் அதே பெயர், 2460ஆம் ஆண்டிலும் அதே பெயர். ஆண்டு பெயரில் வராது. அஞ்சல்பெட்டியில் ஒரே பெயரில் அறுபது இணைப்புகள் கிடக்கும்போது, களைத்துப்போய் இரவு பதினொன்றுக்கு உட்காருகிறவர் பழைய ஆண்டைத் திறந்து, ஒரு மணி நேரம் யோசித்து, உதவாத எக்ஸ் கோப்பை அனுப்பிவைப்பது நடக்கக்கூடியதுதான். அக்காலத்து மின்னஞ்சல் வேறு சாதா எழுத்துகளுக்காகவே அமைக்கப்பட்டது. இருமக் கோப்புகளை, அதாவது எழுத்தாகப் படிக்க முடியாத கணினிக் கோப்புகளை, எழுத்தாக உருமாற்றித்தான் அனுப்ப வேண்டியிருந்தது. வழியில் ஏதேனும் ஓர் இடைக் கணினி அதைச் சிதைத்துவிட்டால் கோப்பு திறக்காது. ஆகவே அனுபவமுள்ள நடத்துபவர்கள் இரண்டு விதிகளைக் கறாராக வைத்தார்கள். மின்னஞ்சலின் தலைப்பில் ஆட்டத்தின் பெயர், ஆண்டு, ஆட்டக்காரர் எண் மூன்றும் இருக்க வேண்டும். கோப்பை ஜிப் செய்தே அனுப்ப வேண்டும். கோப்பு கெட்டிருந்தால் ஜிப்பைப் பிரிக்கும்போதே தெரிந்துவிடும் என்பதுதான் இரண்டாவது விதியின் பயன்.

ஆட்டத்துக்கு முந்தைய ஆட்டம்

முதல் மின்னஞ்சலில் போவது உத்தரவு அல்ல, இனம். ‘ஸ்டார்ஸ்!’ ஆட்டத்தில் ஆட்டக்காரரே தம் இனத்தை வடிவமைக்கிறார். பத்து முதன்மைக் குணங்களில் ஒன்றைத் தேர்ந்து, துணைக் குணங்களைச் சேர்த்து, எந்தத் தட்பவெப்பத்தில் வாழும், ஆண்டுக்கு எவ்வளவு பெருகும், ஆலைகள் எவ்வளவு விளைவிக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி கொடுத்து வாங்க வேண்டும். ‘ஹைப்பர் எக்ஸ்பேன்ஷன்’ குணத்தை எடுத்தால் மக்கள் இருமடங்கு வேகத்தில் பெருகுவார்கள். ஆனால் ஒரு கிரகத்தில் பாதிப் பேர்தான் வாழ முடியும். எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு விலை உண்டு.

இந்த வடிவமைப்புக்காகத் தனியே வீட்டில் உட்கார்ந்து, எதிரிகளே இல்லாமல் ஐம்பது ஆண்டுகளை ஓட்டிப் பார்ப்பது ஒரு வழக்கமாகவே வளர்ந்தது. 2450ஆம் ஆண்டுக்குள் ஆண்டுக்கு 25,000 வளம் (கட்டவும் ஆராயவும் செலவிடும் உற்பத்திப் புள்ளிகள்) என்பது வலுவான இனத்துக்கான அளவுகோலாகப் புழங்கியது. புதியவர் ஒருவர் தமக்குப் பிடித்த இனத்தோடு வந்து, இப்படிச் சோதித்துத் தீட்டிய இனத்துக்கு அடுத்த வீட்டில் மாட்டிக்கொண்டால் அவர் கதை எப்போது முடியும் என்பது முதல் நாளே எழுதப்பட்டுவிடும். நடத்துபவரின் முதல் தீர்ப்பு இங்கேதான் தேவைப்படுகிறது: புதியவர்களையும் பழம் தின்று கொட்டை போட்டவர்களையும் ஒரே ஆட்டத்தில் கலக்கக் கூடாது. பலரும் ஆட்டத்தை நிரப்பும் அவசரத்தில் கலந்துவிடுகிறார்கள். புதியவர் சலித்து விலகியபின் வருத்தப்பட்டுப் பயனில்லை.

தொடக்க அமைப்புகளில் ‘ஆக்சிலரேட்டட் பிபிஎஸ் பிளே’ என்று குறி போடும் கட்டம் ஒன்று உண்டு (பிபிஎஸ் என்பது மோடம் வழியே இணையும் அக்காலத்து அறிவிப்புப்பலகைச் சேவை). அதைத் தேர்ந்தால் எல்லோரும் கூடுதல் மக்களோடு தொடங்குவார்கள். அந்தக் குறி இல்லாவிட்டால் ஆட்டத்தின் முதல் சில ஆண்டுகளில் செய்ய ஒன்றுமே இருக்காது. ஒரே அறையில் ஆடும்போது அது ஐந்து நிமிடச் சலிப்பு. வாரத்துக்கு மூன்று சுற்று ஓடும் மின்னஞ்சல் ஆட்டத்தில் ஒரு மாதச் சலிப்பு. நாட்காட்டியில் ஓடும் நேரத்தை ஆட்டத்துக்குள்ளேயே கணக்கில் எடுத்துக்கொண்ட இந்த ஒரு கட்டத்துக்காகவே இரண்டு ஜெஃப்களையும் பாராட்டலாம்.

நடத்துபவரை யார் நம்புவது?

ஒவ்வொரு ஆட்டக்காரரும் தம் கோப்புக்குக் கடவுச்சொல் வைக்கலாம். ஆகவே நடத்துபவர் பிறர் கோப்பை நேரே திறந்து பார்ப்பது எளிதல்ல. ஆனால் நடத்துபவரே ஆட்டக்காரராகவும் இருந்தால் வேறொரு வாசல் திறந்திருக்கிறது. எல்லோருடைய எக்ஸ் கோப்புகளும் அவரிடம் வந்தாயிற்று. எச்எஸ்டி கோப்பைப் பிரதி எடுத்துவைத்துக்கொண்டு ஆண்டை ஓட்டிப் பார்க்கிறார். தம் படை அடிபட்டிருக்கிறது. பழைய பிரதியை மீட்டு, தம் உத்தரவை மட்டும் மாற்றி, மறுபடி ஓட்டுகிறார். வெளியே போவது இரண்டாவது ஓட்டத்தின் கோப்புகள். முதல் ஓட்டம் நடந்ததற்கு எங்குமே சுவடு இருக்காது.

இதை யாராவது செய்தார்களா என்பதல்ல கேள்வி. செய்ய முடியும் என்று மற்ற பதினைந்து பேருக்கும் தெரியும், அதுவே போதும். நடத்துபவரின் எதிரி ஒருவர் ஒரு போரில் எதிர்பாராமல் தோற்றால் உடனே சந்தேகம் முளைக்கும். நேர்மையான நடத்துபவருக்கும் தம் நேர்மையை மெய்ப்பிக்க வழியில்லை. ஆகவே ஆட்டக்காரரல்லாத ஒருவர் நடத்துவதே முறை என்பது என் கருத்து. ஆனால் தாம் ஆடாத ஆட்டத்துக்காக எட்டு மாதம் தினமும் அஞ்சல் பிரிக்க யார் முன்வருவார்கள்?

‘டிப்ளமசி’ ஆட்டக்காரர்கள் இந்தச் சிக்கலை முன்னமே தீர்த்திருந்தார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கென் லோ 1980களின் இறுதியில் எழுதிய ‘ஜட்ஜ்’ நிரல் மின்னஞ்சலைத் தானே படித்து, உத்தரவுகளைப் புரிந்துகொண்டு, கெடு முடிந்ததும் தீர்ப்பை எல்லோருக்கும் அனுப்பியது. ஆட்டக்காரர்களின் கடிதங்களையும் அதுவே கைமாற்றியதால், யார் எந்த நாடு என்றே தெரியாமல் ஆடுவதும் சாத்தியமானது. அங்கே உத்தரவு என்பது இரண்டு மூன்று சொற்கள் கொண்ட வெறும் எழுத்து; ஆகவே வேலை எளிது. ‘ஸ்டார்ஸ்!’ உத்தரவோ இருமக் கோப்பு. நல்லவேளையாக, திரையைத் தொடாமல் ஒரு கட்டளை வரியிலேயே ஆண்டை ஓட்டும் வசதியை நிரலில் வைத்திருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு ஆர்வலர்கள் ‘ஆட்டோஹோஸ்ட்’ என்ற தானியங்கி நடத்துபவரை உருவாக்கினார்கள். கோப்புகள் அங்கே போய்ச் சேரும், அட்டவணைப்படி ஆண்டு ஓடும், புதிய கோப்பு தயார் என்று மின்னஞ்சல் வரும். நடத்துபவருக்கு மிஞ்சியது தீர்ப்பு சொல்லும் வேலை மட்டும்.

வரிசையே சட்டம்

எல்லோருடைய உத்தரவும் ஒரே நேரத்தில் நிறைவேறும் என்று சொல்வது வழக்கம். உண்மையில் கணினி ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செய்கிறது. அந்த வரிசையை மனப்பாடமாக வைத்திருப்பவர்தான் நல்ல ஆட்டக்காரர். கப்பல்கள் முதலில் நகரும். பிறகு உற்பத்தி. அதன்பின் மக்கள் பெருக்கம். அதற்குப் பிறகுதான் போர், போருக்குப் பிறகு குண்டுவீச்சு, கடைசியில் குடியேற்றம். உற்பத்தி போருக்கு முன்னால் வருவதால், எதிரி வந்து சேரும் அதே ஆண்டில் கட்டி முடித்த கப்பலும் அந்தப் போரில் நின்று அடிக்கும். வெற்றுக் கிரகம் என்று நம்பி வந்த படை, கப்பற்கூட்டத்தின் மேல் போய் விழும். இதைத் தெரிந்தவர் பொருளைச் சேர்த்துவைத்துக் கடைசி நிமிடத்தில் கட்டுவார்.

இதே வரிசையிலிருந்துதான் ஓட்டைகளும் பிறந்தன. உங்கள் படை எதிரிப் படையொன்றைத் துரத்துவதாக உத்தரவு போடுகிறீர்கள். துரத்தப்படுபவர் தம் கப்பல்களைப் புதிய எண்ணுள்ள படைக்கு மாற்றிவிட்டு, பழைய எண்ணில் ஒரே ஒரு குப்பைக் கப்பலை விட்டுவைக்கிறார். உங்கள் பெரும்படை அந்தக் குப்பையின் பின்னால் ஓடும். இன்னொன்று, விலை மலிந்த சிறு கப்பல்களை நூற்றுக்கணக்கில் கட்டிப் போரில் முன்னால் நிறுத்துவது. எதிரியின் விலையுயர்ந்த ஏவுகணைகள் எல்லாம் அவற்றின் மேல் வீணாகும். இரண்டாவதைப் பெரும்பாலோர் நியாயமான உத்தி என்றே ஏற்றுக்கொண்டார்கள். முதலாவதில் ஆட்டத்துக்கு ஆட்டம் கருத்து மாறும்.

இங்கே நடத்துபவர் எந்தப் பக்கம் தீர்ப்புச் சொல்கிறார் என்பது பெரிதல்ல, எப்போது சொல்கிறார் என்பதுதான் பெரிது. முதல் ஆண்டு ஓடுமுன் எழுத்தில் சொல்லியிருந்தால் எந்தத் தீர்ப்பும் செல்லும். 2470இல் ஒருவர் அந்த உத்தியால் ஒரு போரை வென்றபின் சொன்னால், எந்தப் பக்கம் சொன்னாலும் ஒருவர் விலகிப்போவார். ஏற்கத்தக்கவை, தள்ளத்தக்கவை என்று பட்டியலிட்டு ஆட்ட அழைப்பிலேயே சேர்ப்பது பிற்காலத்தில் வழக்கமானது. அது தானாக வந்த பண்பாடல்ல, பட்டுத் தெளிந்ததன் விளைவு என்றே தோன்றுகிறது.

கெடுவும் சலுகையும்

ஒருவருடைய எக்ஸ் கோப்பு வரவில்லை. என்ன செய்வது? ஆட்டம் இதைப் பொறுத்துக்கொள்ளும்படி கட்டப்பட்டிருக்கிறது. உற்பத்தி வரிசையில் ‘தானாகக் கட்டு’ என்று ஆலைகளையும் சுரங்கங்களையும் போட்டு வைத்திருந்தால் அவை தொடரும். கப்பல்கள் ஏற்கெனவே சொன்ன வழியில் போய்க்கொண்டிருக்கும். அமைதிக் காலத்தில் ஓர் ஆண்டு தவறினால் சிறு நஷ்டம்தான். போர்க் காலத்தில் தவறினால் ஒரு மண்டலமே போகும்.

வரிசை முறை ஆட்டத்தில் தாமதம் என்பது சந்தேகத்துக்குரியது. கோப்பைக் கையில் வைத்திருப்பவர் மற்றவர் ஆடியதைப் பார்த்தபின் யோசிக்கிறார். இங்கே அப்படியில்லை. கடைசியாக அனுப்புபவருக்கும் முதலில் அனுப்பியவரின் உத்தரவு தெரியாது. ஆகவே தாமதம் பெரும்பாலும் குற்றமற்றது. ஒரே ஒரு விலக்கு: கூட்டாளிகள் தங்களுக்குள் கடிதம் எழுதித் தாக்குதலை ஒருங்கிணைக்க அந்தக் கூடுதல் நாள் உதவும். இந்த ஆட்டத்தின் பாதி உயிர் உத்தரவுக் கோப்புகளுக்கு வெளியே, ஆட்டக்காரர்கள் நேரடியாக எழுதிக்கொள்ளும் கடிதங்களில்தான் இருக்கிறது. கிரகங்களின், படைகளின் விவரத்தை எழுத்துக் கோப்பாக எடுத்துக் கூட்டாளிக்கு அனுப்பவும் முடியும்.

கெடுவை நீட்டிக்கக் கேட்டால் நீட்டிக்கலாமா? ஒருவருக்காக மற்றவர்கள் காத்திருக்கிறார்கள் என்பது ஒரு பக்கம். ஒரு வாரப் பயணத்தால் எட்டு மாத உழைப்பை ஒருவர் இழக்கிறார் என்பது மறுபக்கம். எதிரி கேட்டபோது மறுத்து, நண்பர் கேட்டபோது கொடுத்தார் என்ற பேச்சு வந்தால் நடத்துபவரின் மதிப்பு அங்கேயே முடிந்தது. ஆளுக்கு இத்தனை சலுகைகள் என்று தொடக்கத்திலேயே எண்ணிக் கொடுத்துவிட்டு, காரணமே கேட்காமல் வழங்குவது நல்லது. காரணம் கேட்டால் எடைபோட வேண்டும். எடைபோட்டால் சண்டை வரும்.

நடுவில் வரும் சோர்வு

தொடக்கத்தில் ஒரு சுற்றுக்குச் சில நிமிடம் போதும். போகப் போக அப்படியிருக்காது. ஒருவர் 512 படைகள்வரை வைத்துக்கொள்ளலாம் என்பதை நினைத்துப் பாருங்கள். அறுபது எழுபது கிரகங்கள், ஒவ்வொன்றுக்கும் உற்பத்தி வரிசை, கனிமங்களைச் சுமந்து அலையும் சரக்குக் கப்பல்கள், கண்ணிவயல்கள். முன்னணியில் இருப்பவருக்கு ஒரு சுற்று என்பது மாலைப்பொழுது முழுவதையும் விழுங்கும் இரண்டாவது வேலையாகிவிடும். வெல்கிறவரே சோர்ந்து விலகும் விசித்திரம் இங்கே உண்டு.

அதனால்தான் வேகத்தைக் கட்டம் கட்டமாகக் குறைப்பார்கள். முதல் இருபது முப்பது ஆண்டுகள் தினம் ஒன்று, பிறகு வாரம் மூன்று, போர் முற்றியபின் வாரம் இரண்டு. வாரம் மூன்று என்று முதலிலிருந்தே வைத்தால் 2450ஐத் தொடவே ஏறக்குறைய 17 வாரம் பிடிக்கும். பலருக்கு அதுவரை பொறுமை இருக்காது.

ஒருவர் சொல்லாமல் மறைந்துபோவதுதான் ஆட்டத்துக்கு வரும் மிகப் பெரிய கேடு. அவருடைய கிரகங்கள் காவலில்லாமல் கிடக்கும். அடுத்திருப்பவர் உழைக்காமலேயே இரண்டு மடங்காகிவிடுவார். வெகு தொலைவில் இருக்கும் மூன்றாமவர், தாம் எந்தத் தவறும் செய்யாமல், ஆட்டத்தை இழப்பார். நடத்துபவர் அந்த இடத்தைச் செயலற்றதாக மாற்றிக் கணினியிடம் ஒப்படைக்கலாம், ஆனால் அது ஒட்டுப்போடும் வேலைதான். ஆட்டத்தை ஒரு வாரம் நிறுத்திவைத்து மாற்று ஆட்டக்காரரைத் தேடுவதே சரி. முன்பின் தெரியாத பேரரசை 2440இல் ஏற்றுக்கொள்ள ஒருவர் முன்வந்தால் அவருக்கு எல்லோரும் கடமைப்பட்டவர்கள்.

வெற்றிக்கான நிபந்தனைகளை ஆட்டத் தொடக்கத்தில் குறிக்கலாம்: இத்தனை விழுக்காடு கிரகங்கள், இந்த அளவு தொழில்நுட்பம், இரண்டாம் இடத்தைவிட இவ்வளவு கூடுதல் மதிப்பெண் என்றெல்லாம். நடைமுறையில் அந்த எண்ணைத் தொடும்வரை இழுத்துப்போவதில் யாருக்கும் சுவை இல்லை. முன்னணிக் கூட்டணியை இனி யாராலும் தடுக்க முடியாது என்று தெரிந்ததும் யாராவது ஒருவர் சரணடையலாமா என்று எல்லோருக்கும் கடிதம் எழுதுவார், வாக்கெடுப்பு நடக்கும். இதற்கும் முன்கூட்டியே விதி வேண்டும். ஒருவர் மறுத்தாலே ஆட்டம் தொடர வேண்டும் என்று வைத்தால், தோற்கப்போகிற பிடிவாதக்காரர் ஒருவர் மற்ற அனைவரையும் மாதக்கணக்கில் கட்டிவைக்கலாம். மூன்றில் இரண்டு பங்கு என்று வைப்பதே என் தெரிவு.

இன்று இதை நடத்த நினைப்பவருக்கு முதல் தடை நிரலே. 16 பிட் நிரல் என்பதால் 64 பிட் விண்டோஸ் இதை நேரடியாக ஓட்டாது. பழைய டாஸ் கணினியைப் போல இயங்கும் டாஸ்பாக்ஸ் நிரலுக்குள் பழைய விண்டோஸ் 3.1ஐ நிறுவியோ, விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் வழியாகவோ ஓட்டுகிறார்கள். ‘ஸ்டார்ஸ்! சூப்பர்நோவா ஜெனிசிஸ்’ என்று அடுத்த பதிப்பு அறிவிக்கப்பட்டுக் கடைசிவரை வெளிவரவில்லை. ஆகவே இரண்டு ஜெஃப்களிடமிருந்து இருப்பது இந்தப் பழைய நிரல் ஒன்றுதான். முதன்முறை நடத்துபவர் 16 பேரைத் தேட வேண்டாம். சிறிய வரைபடம், ஆறு முதல் எட்டுப் பேர், தாம் ஆடாமல் நடத்துவது, ‘ஆக்சிலரேட்டட்’ கட்டத்தில் ஒரு குறி, ஓட்டைகளின் பட்டியல் எழுத்தில், ஆளுக்கு மூன்று சலுகைகள். எல்லோருடைய கணினியிலும் நிரல் ஓடுகிறதா என்று சரிபார்க்க, ஆட்டக் கணக்கில் சேராத இரண்டு ஆண்டுகளை முதலில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அதன்பின் புதிய வரைபடத்தில் 2400ஐத் தொடங்கலாம்.